கேட்டலும் கேள்வியும்: விக்டோரியா கால இலண்டன் ஏழைகளின் கூட்டு வாசிப்பு

'கேள்' என்னும் வினை தமிழில் இரு பொருள் தருவது. செவியால் ஏற்பதும் கேட்டலே. வாயால் வினவுவதும் கேட்டலே. திருக்குறளில் 'கல்லாமை' அதிகாரத்தை அடுத்துக் 'கேள்வி' அதிகாரம் அமைந்திருப்பதை நாம் அறிவோம். எழுத்தறியாதவனுக்கும் அறிவின் வாயில் அடைபட்டுவிடுவதில்லை. செவி என்னும் மற்றொரு வாயில் அவனுக்குத் திறந்தே இருக்கிறது என்பதை அவ்வரிசையே உணர்த்துகிறது. ஆனால் செவிவழி பெறுகிறவனுக்கு, பெற்றதைக் குறித்துத் திருப்பிக் கேட்கும் உரிமை உண்டா? ஒருவர் படிக்கப் பலர் கேட்பது என்னும் வழக்கத்தின் மதிப்பு முழுவதும் இவ்வினாவின் விடையைச் சார்ந்தே நிற்கிறது.

இவ்வினாவை 19ஆம் நூற்றாண்டின் இலண்டன் மாநகர ஏழைகளை முன்னிறுத்தி ஆராய்வது பயனுடையது என்று கருதுகிறோம். அக்காலத்துச் சான்றுகளில் மூன்றை எடுத்துக்கொள்கிறோம். ஹென்றி மேஹ்யூ 1849-50ஆம் ஆண்டுகளில் 'மார்னிங் குரோனிக்கிள்' நாளிதழில் எழுதத் தொடங்கி, பின்னர் 'இலண்டன் உழைப்பும் இலண்டன் ஏழைகளும்' என்னும் பெருநூலாக விரித்த ஆய்வு ஒன்று. மற்றவை சார்லஸ் டிக்கன்ஸ் எழுதிய 'பிளீக் ஹவுஸ்' (1852-53), 'அவர் மியூச்சுவல் ஃபிரண்ட்' (1864-65) ஆகிய இரு புதினங்கள். இவற்றை இலக்கிய மாணவர்கள் பலகால் ஆராய்ந்துள்ளனர். ஆயினும் திருமறையை மக்கள்முன் வாசிப்பதையே பணியாக ஏற்றுள்ள நாம் இவற்றில் கற்கவேண்டிய பாடம் இன்னும் எஞ்சியிருக்கிறது.

1. கூடிப் படித்ததற்குரிய காரணங்கள்

அக்காலத்தில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் திருமணப் பதிவேட்டில் மணமக்கள் கையொப்பமிட வேண்டியிருந்தது. எழுத இயலாதோர் சிலுவைபோன்ற ஒரு குறியை இட்டனர். 1841ஆம் ஆண்டில் மணமகன்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவரும், மணமகள்களில் ஏறத்தாழப் பாதிப்பேரும் அக்குறியையே இட்டனர். இது நாடு முழுவதற்குமான கணக்கு. இலண்டனில் தெருத்தெருவாகக் காய், கனி, மீன் விற்றுப் பிழைத்தவர்களுள் பத்தில் ஒருவருக்கே படிக்கத் தெரியும் என்று மேஹ்யூ மதிப்பிட்டார்.

எழுத்தறியாமை மட்டுமே கூட்டு வாசிப்புக்குக் காரணம் என்று கொள்வது பிழையாகும். விலையும் ஒரு காரணம். 1815 முதல் ஒவ்வொரு செய்தித்தாளுக்கும் 4 பென்னி முத்திரை வரி விதிக்கப்பட்டிருந்தது. அது 1836இல் 1 பென்னியாகக் குறைக்கப்பட்டு 1855இல் நீக்கப்பட்டது. காகிதத்தின்மீதான வரி 1861 வரை நீடித்தது. அறிவின்மீதான வரி என்று சீர்திருத்தவாதிகள் இவற்றைப் பழித்தனர். ஒருவர் வாங்கும் விலையில் பலர் பயன்பெறுவது ஏழைகள் கண்ட எளிய மாற்றுவழி. சாசன இயக்கத்தாரின் 'நார்தர்ன் ஸ்டார்' 1837இல் லீட்ஸ் நகரில் தொடங்கப்பட்டபோது, அது மதுக்கடைகளிலும் வீடுகளிலும் தொழிற்கூடங்களிலும் உரக்கப் படிக்கப்பட்டது. ஒரு படியை எத்தனைபேர் கேட்டனர் என்பது அச்சகத்தின் விற்பனைக் கணக்கில் அடங்காத செய்தியாகும்.

இடமும் ஒளியும் மேலும் இரு காரணங்கள். நெருக்கமான ஒற்றை அறையில் ஒரு குடும்பமோ பல குடும்பங்களோ வாழ்ந்த வீடுகளில் தனித்திருந்து படித்தல் என்பது எண்ணவும் இயலாதது. சாளரங்களுக்கு விதிக்கப்பட்ட வரி 1851 வரை நிலவியதால் பகலிலும் வெளிச்சம் அரிதாயிருந்தது. இரவில் மெழுகுவர்த்தி செலவுக்குரிய பொருள். ஒரு விளக்கின் ஒளி ஒருவருக்குப் படிக்கப் போதுமானால், கேட்பதற்குப் பத்துப்பேருக்கும் அதுவே போதும்.

இங்கிலாந்தின் எளிய வாசகரைக் குறித்து ரிச்சர்ட் ஆல்டிக் 1957இல் வெளியிட்ட நூல் இத்துறையில் முன்னோடியானது. எனினும் விலை, வரி, அச்சிட்ட படிகள் ஆகியவற்றின் கணக்கே அதில் மேலோங்கி நிற்கிறது. எழுத்து வளரவளரப் பேச்சு தேய்ந்துவிடும் என்னும் எண்ணத்தை 1989இல் டேவிட் வின்சென்ட் எழுதிய நூல் மறுத்தது. அச்சிட்ட தாள் பேச்சை அடக்கவில்லை. பேச்சுக்குப் புதிய பொருளைத் தந்தது என்பதே நாம் கொள்ளவேண்டிய முடிவு. மேஹ்யூவின் பக்கங்கள் இதற்குச் சிறந்த சான்று தருகின்றன.

2. தெருவணிகரின் வாசிப்புக் கூட்டம்

மேஹ்யூவுக்குச் செய்தி சொன்னவர்களுள் ஒருவர், தாமே தெருவணிகர், படிக்கத் தெரிந்தவர். நாள்முழுதும் வண்டி தள்ளி ஓய்ந்தபின் ஆடவரும் பெண்டிரும் சிறுவரும் பத்துப் பன்னிருவர் ஒரிடத்தில் கூடுவர். அவர் வாரந்தோறும் வெளிவரும் ஒரு பென்னி இதழ்களை அவர்களுக்குப் படித்துக் காட்டுவார். அவர்கள் மிகுதியும் விரும்பியவை ஜி. டபிள்யூ. எம். ரேனால்ட்ஸ் எழுதிய தொடர்கதைகள். அரசவை மாளிகைகளின் மறைவான ஒழுக்கக்கேடுகளை விரித்துரைக்கும் அக்கதைகள் உயர்குடியினரின் வெறுப்புக்கு ஆளானவை. ரேனால்ட்ஸ் சாசன இயக்கத்தவருமாவார். 1848 மார்ச்சில் டிரஃபால்கர் சதுக்கக் கூட்டத்தில் தலைமைதாங்கிப் பேசியவர். தெருவணிகர் அவரைத் தம்முடையவராகவே கொண்டாடினர்.

நாம் கருதவேண்டியது அவர்கள் எதைக் கேட்டனர் என்பதைவிட, எவ்வாறு கேட்டனர் என்பதே. அவர்கள் அமைதியாகக் கேட்கவில்லை. கதையில் காவலர் ஒருவர் தலைகாட்டியவுடன் வாசிப்பு நின்றுவிடும். தெருவில் தம்மை அன்றாடம் விரட்டும் காவலரைப்பற்றிய பேச்சு எழும். பிரபுக்களின் செய்கை கூறப்பட்டால், அவர்கள் இப்படித்தான் என்று ஆரவாரம் எழும். படம் அச்சிட்ட இதழொன்றைக் கண்டால், படிக்கத் தெரியாதவனும் தன் காசைக் கொடுத்து வாங்குவான். வாங்கியபின் படிக்கத் தெரிந்தவரைத் தேடிச்சென்று, படத்திலுள்ளவன் யார், அவன் என்ன செய்தான், ஏன் இந்நிலைக்கு ஆளானான் என்று அறியும்வரை விடமாட்டான்.

இங்கே கேட்டலும் கேள்வியும் பிரிவுபடாமல் நிற்பதைக் காண்கிறோம். படிப்பவர் ஆசிரியர் அல்லர். கேட்போர் மாணவரும் அல்லர். எழுத்தறிவு ஒருவரிடம் இருந்தது. வாழ்க்கையறிவு எல்லாரிடமும் இருந்தது. நூலிலுள்ள சொல்லைத் தம் வாழ்வோடு ஒட்டிப்பார்த்து, ஏற்கத்தக்கதை ஏற்று, நகைக்கத்தக்கதை நகைத்து ஒதுக்கும் உரிமையை அக்கூட்டத்தார் தமதாக்கிக் கொண்டிருந்தனர். அறிவார்ந்த தெருவணிகர் ஒருவர், இவ்வாறு அறியத் துடிக்கும் ஆவலே இம்மக்கள் மேம்படுவர் என்பதற்கு அடையாளம் என்று மேஹ்யூவிடம் கூறியதாகக் காண்கிறோம்.

மேஹ்யூவை அப்படியே நம்பிவிடலாகாது என்பதும் உண்மை. ஏழைகளின் பேச்சை அவர் தேர்ந்து தொகுத்து, நடுத்தர வகுப்பினர் படிக்கும் இதழுக்காக எழுதினார். ஆயினும் அவர் விரும்பியிருந்தால் இக்கூட்டத்தை அறியாமையின் காட்சியாக மட்டுமே தீட்டியிருக்கலாம். அவ்வாறு செய்யாமல் அவர்களுடைய குறுக்கீடுகளைப் பதிவுசெய்தது அவருடைய நூலின் பெருமையாகும்.

அதே நூலில் நம்மை உறுத்தும் செய்தியும் உண்டு. தெருவணிகர் நூற்றுவரில் மூவர்கூட ஒரு கோயிலின் உட்புறத்தைக் கண்டதில்லை என்று அவர் எழுதினார். பக்தியையும் பகட்டான மதிப்பையும் ஒன்றாகவே அவர்கள் எண்ணிவிட்டனர். அதனால் சமயம் அவர்களுக்குப் புரியாப் புதிராயிற்று. ஆனால் 1835இல் டேவிட் நாஸ்மித் நிறுவிய இலண்டன் நகர மிஷனின் ஊழியர்களை மட்டும் அவர்கள் மதித்தனர். அவ்வூழியர்கள் அவர்களுக்குப் படித்துக் காட்டினர். நோயாளிகளைச் சென்று கண்டனர். அவ்வப்போது ஆரஞ்சுப் பழங்களும் கொடுத்தனர். ஊழியர் ஒருவர் ஒரு ஷில்லிங்குக்குத் தெருவணிகரிடமே பழம் வாங்கி, அச்சந்திலுள்ள நோயாளிகளுக்கும் சிறுவர்களுக்கும் பகிர்ந்தளித்தமையால் அங்கே நன்மதிப்புப் பெற்றார் என்றும் கூறப்படுகிறது. வாசித்தவர் முதலில் அவர்களிடம் வாங்குகிறவராயிருந்தார் என்பதை நாம் கவனிக்கவேண்டும். கொடுப்பவர், பெறுபவர் என்னும் வேற்றுமை அந்த ஒரு ஷில்லிங்கால் சற்றே தளர்ந்தது. படித்தது முழுவதும் விளங்காவிடினும் அவர்கள் கேட்கும் மனமுடையவர்களாயினர்.

3. 'பிளீக் ஹவுஸ்' காட்டும் தோல்வி

இவ்வேற்றுமை தளராதபோது நிகழ்வது என்ன என்பதை 'பிளீக் ஹவுஸ்' காட்டுகிறது. செயின்ட் ஆல்பன்ஸ் அருகே செங்கல் அறுக்கும் கூலியாளின் குடிசைக்குள் திருமதி பார்டிகிள் என்னும் சீமாட்டி நுழைகிறாள். எவரும் அழைக்கவில்லை; அமரவும் சொல்லவில்லை. அவள் தானே அமர்ந்து, நன்னூலொன்றைக் கையிலெடுத்து உரக்கப் படிக்கிறாள். முன்பு அவள் விட்டுச்சென்ற கைப்பிரதியைப் படித்தாயா என்ற வினாவுக்கு, இங்கே படிக்கத் தெரிந்தவர் எவருமில்லை. இருந்தாலும் அது குழந்தைக்குரிய நூலேயன்றித் தனக்குரியதன்று என்று அக்கூலியாள் மறுமொழி கூறுகிறான். அவள் படித்துக்கொண்டிருக்கும்போதே அடுப்பருகில் இருந்த தாயின் மடியில் குழந்தை இறக்கும் தறுவாயில் இருக்கிறது. படித்தவள் அதை அறியாமலே வெளியேறிவிடுகிறாள்; அவள் சென்ற சற்றுநேரத்தில் குழந்தை இறந்துவிடுகிறது.

தெருவணிகர் கூட்டத்தையும் இக்குடிசையையும் ஒப்புநோக்குக. இரண்டிடத்திலும் ஒருவர் படிக்க எழுத்தறியாதோர் கேட்கின்றனர். முன்னதில் கேட்போர் கூடி வந்தனர். பின்னதில் படிப்பவள் புகுந்தாள். முன்னதில் குறுக்கீடு வாசிப்பின் உயிராயிருந்தது; பின்னதில் நெருங்கிவந்த சாவும் வாசிப்பை நிறுத்தவில்லை. நூல் நல்லதா தீயதா என்று மட்டும் நோக்கும் திறனாய்வு பார்டிகிளின் நூலை உயர்த்தி ரேனால்ட்ஸைத் தாழ்த்தும். வாசிப்பு என்னும் செயலை நோக்கும் திறனாய்வோ அத்தீர்ப்பை மறுபடியும் எண்ணிப்பார்க்க வேண்டியிருக்கும்.

அதே புதினத்தில் வரும் ஜோ, இலண்டன் தெருக்கூட்டும் சிறுவன், ஓரெழுத்தும் அறியாதவன். கடைப்பலகைகளிலும் தெருமூலைகளிலும் காணும் எழுத்துகளெல்லாம் அவனுக்கு வெறும் வடிவங்களே. வெளிநாடுகளில் நற்செய்தி பரப்பும் சங்கத்தின் வாயிற்படியில் அமர்ந்து அவன் காலையுணவை உண்கிறான். உண்டபின் படியைத் துடைத்து வைக்கிறான். இப்பெருங்கட்டடம் எதற்காக என்று வியக்கிறான். எஸ்.பி.ஜி. என்று நம் முன்னோர் அறிந்த சங்கமே அது. டிக்கன்ஸ் இக்காட்சியை எழுதிய நாள்களில் அச்சங்கத்தின் ஊழியராகக் கால்டுவெல் இடையன்குடியில் பணியாற்றிக் கொண்டிருந்தார். டிக்கன்ஸின் கேலி கடல்கடந்த பணிக்கு நீதி செய்ததாக நாம் கருதவில்லை; இடையன்குடியின் பள்ளிகளை அவர் அறியார். எனினும் வாயிற்படியில் இருந்தவனிடம் அக்கட்டடத்தின் பொருளைச் சொல்ல ஒருவரும் வெளியே வரவில்லை என்னும் குற்றச்சாட்டு நிற்கவே செய்கிறது.

ஜோ இறக்கும் தறுவாயில், தனக்கு எவரும் ஜெபிக்கக் கற்றுத்தரவில்லை என்கிறான். தான் வாழ்ந்த சேரிக்குப் பல பெரியவர்கள் வந்து ஜெபித்ததுண்டு. ஆனால் மற்றவர்கள் தவறாக ஜெபிக்கிறார்கள் என்றே அவர்கள் பெரும்பாலும் கூறினர். தமக்குத் தாமே பேசிக்கொள்வதுபோல் இருந்தது. எங்களோடு பேசவில்லை என்பது அவன் சாட்சி. போதகரைக் குறித்து இதைவிடக் கடுமையான திறனாய்வு ஆங்கிலப் புதின இலக்கியத்தில் அரிது எனலாம். இறுதியில் மருத்துவர் உட்கோர்ட் அவனருகே அமர்ந்து, ஆண்டவர் கற்பித்த ஜெபத்தைச் சிறுசிறு தொடர்களாகச் சொல்ல, ஜோ அவற்றைத் திருப்பிச் சொல்கிறான். ஜெபம் முடியுமுன் அவன் உயிர் பிரிகிறது. அவனுடைய மூச்சின் அளவுக்குத் தம் சொல்லைக் குறுக்கிக்கொண்டவர் ஒரு குருவானவர் அல்லர் என்பதை டிக்கன்ஸ் வேண்டுமென்றே அமைத்திருக்கிறார்.

4. பெட்டி ஹிக்டனும் ஸ்லாப்பியும்

பன்னிரண்டு ஆண்டுகளுக்குப்பின் வெளிவந்த 'அவர் மியூச்சுவல் ஃபிரண்ட்' புதினத்தில் டிக்கன்ஸின் நோக்கு ஆழமடைந்துள்ளது. அங்கு இருவகை வாசிப்பு எதிரெதிரே வைக்கப்பட்டிருக்கிறது. திடீர்ச் செல்வம் பெற்ற பாஃபின், எழுத்தறியாதவர். சைலஸ் வெக் என்பவனை வாரக்கூலிக்கு அமர்த்தி உரோமப் பேரரசின் வீழ்ச்சி வரலாற்றைப் படிக்கச் செய்கிறார். வெக் தட்டுத்தடுமாறிப் படிக்கிறான். ஐயம் கேட்டால் பொய்யான விடை தந்து சமாளிக்கிறான். தன் எழுத்தறிவைக்கொண்டு முதலாளியை ஏய்க்கத் திட்டமிடுகிறான். படிப்பவன் நேர்மையற்றவனாயின் கேட்பவன் அவனுக்கு அடிமையாவான் என்பது கூட்டு வாசிப்பில் மறைந்துள்ள பேரிடர். இதைக் காணாமல் அவ்வழக்கத்தை வியந்து போற்றுவது வெறும் பழமைப் பற்றாகும்.

மறுபுறம் பிரென்ட்ஃபோர்டில் வாழும் கிழவி பெட்டி ஹிக்டன். பிறர் துணிகளை உருளைப் பொறியிலிட்டு மடிப்பு நீக்கியும், சிறு குழந்தைகளைப் பார்த்துக்கொண்டும் பிழைப்பவள். அப்பொறியைச் சுழற்றுபவன் ஸ்லாப்பி என்னும் அநாதை இளைஞன். அவன் அவளுக்குச் செய்தித்தாள் படித்துக் காட்டுகிறான். காவல்துறைச் செய்திகளில் வரும் ஒவ்வொருவர் பேச்சையும் வெவ்வேறு குரலில் நடித்துப் படிக்கிறான் என்று அவள் பெருமையோடு மெச்சுகிறாள். டி. எஸ். எலியட் 1922இல் வெளியிட்ட தம் நெடுங்கவிதையின் வரைவுக்கு அவளுடைய இத்தொடரையே தலைப்பாக இட்டிருந்தார். அதனால் திறனாய்வாளர் பலர் இத்தொடரை எலியட்டுக்காக நினைவில் வைத்துள்ளனர். அதைச் சொன்ன கிழவியை மறந்துவிட்டனர்.

அவளை மறத்தலாகாது. பெட்டி எழுத்தறியாதவள் அல்லள். கையெழுத்தைப் படிப்பதே அவளுக்குக் கடினம்; திருமறையையும் அச்சிட்ட பெரும்பாலானவற்றையும் அவளால் படிக்க முடியும். ஆகவே ஸ்லாப்பியின் வாசிப்பு அவளுடைய குறையை ஈடுசெய்யும் ஊன்றுகோல் அன்று. உழைக்கும் இருவர் ஒரு தாளைச் சுற்றி அமைத்துக்கொண்ட உறவு அது. ஊரார் மந்தமானவன் என்று கருதிய இளைஞன், அவள் முன்னிலையில் பல குரலுக்கு உரியவனாகிறான்.

அவ்வாசிப்பின் பயன் பொழுதுபோக்கோடு நின்றுவிடவில்லை. 1834ஆம் ஆண்டின் ஏழையர் சட்டத்தின்படி உதவி நாடிய முதியோர் எவ்வாறு அலைக்கழிக்கப்பட்டனர், மருந்தும் அப்பமும் மறுக்கப்பட்டு எவ்வாறு மடிந்தனர் என்பதைத் தான் செய்தித்தாளில் அறிந்திருப்பதாக அவள் கூறுகிறாள். அவ்வறிவின்மேல் அவள் ஒரு முடிவை எடுக்கிறாள்: ஏழையர் இல்லத்தின் வாயிலை மிதிப்பதைவிடத் தெருவில் சாவதே மேல். தன் அடக்கச் செலவுக்கான பணத்தை ஆடையில் தைத்துக்கொண்டு அவள் வீட்டைவிட்டுப் புறப்படுகிறாள். தெருவணிகரின் ஆரவாரத்தில் வெளிப்பட்ட கேள்வி, இங்கே ஒரு மூதாட்டியின் வாழ்க்கை முடிவாகவே உருவெடுக்கிறது. அம்முடிவு சரியா தவறா என்று வாதிடலாம். செய்தியைச் செவியுற்றுத் தன் நாட்டின் சட்டத்தைத் தானே நிறுத்துப் பார்த்தவள் அவள் என்பதை மறுக்க இயலாது.

5. திருச்சபையின் முயற்சி

அக்காலத் திருச்சபை வாளாவிருந்ததென்று கூறுவது நேர்மையாகாது. 1857இல் எலன் ரேன்யார்டு அம்மையார் செயின்ட் ஜைல்ஸ் சேரியில் வேதாகமப் பெண்கள் ஊழியத்தைத் தொடங்கினார். சீமாட்டிகள் நுழைய இயலாத வீடுகளுக்கு ஏழை வகுப்பைச் சேர்ந்த பெண்ணொருத்தியே சென்றாள். வேதாகமம் இலவசமாக வழங்கப்படவில்லை. வாரந்தோறும் சில பென்னி செலுத்தி ஏழைகள் அதை விலைக்கே வாங்கினர். தன் காசால் வாங்கிய நூலில் வாங்கியவனுக்கு உரிமை உண்டு என்பதை ரேன்யார்டு உணர்ந்திருந்தார். நம் தமிழ்த் திருச்சபைகளில் 'பைபிள் உமன்' என்று வழங்கிய ஊழியமும் இப்பரம்பரையோடு உறவுடையது. ஆயினும் ஒவ்வொரு வேதாகமப் பெண்ணையும் மேற்பார்க்க ஒரு சீமாட்டி நியமிக்கப்பட்டாள் என்பதையும் குறிப்பிடவேண்டும். படிக்கும் குரல் ஏழையினுடையதாயிற்று. அக்குரலுக்கு விடை கேட்கும் அதிகாரம் மேலேயே இருந்தது.

1870இல் கல்விச் சட்டம் வந்தது. 1880இல் பள்ளிக்கல்வி கட்டாயமாயிற்று. 1891 முதல் தொடக்கக்கல்வி பெரும்பாலும் இலவசமாயிற்று. நூற்றாண்டின் இறுதியில் மணப்பதிவேட்டில் குறியிட்டோர் மிகச் சிலரே. இது பெரும்பேறு. வெக் போன்றவனுக்கு அடிமைப்படும் இடர் இதனால் நீங்கியது. ஆனால் தனித்துப் படிக்கக் கற்றவன் தனித்தே சிந்திக்க நேர்ந்தது என்பதும் அதனோடு வந்த இழப்பாகும்.

6. நமக்குரிய வினா

திருமறையின் மக்கள் கேட்கும் மக்களே. எஸ்றா உரக்க வாசித்தபோது லேவியர் மக்களிடையே நின்று பொருள் விளக்கினர். எத்தியோப்பிய மந்திரி தேரில் உரக்க வாசித்ததைச் செவியுற்ற பிலிப்பு அத்தேரில் ஏறி அவரருகே அமர்ந்தார். வினாக்களை எழுப்பியவர் மந்திரியே. ஆராதனையில் பாடம் வாசிக்கும் நாம், செங்கல் அறுப்போன் குடிசையில் அமர்ந்த சீமாட்டியா, பழம் வாங்கிய ஊழியரா? குறுக்கிட்டுக் கேட்கும் குரலை ஒழுங்கின்மை என்று அடக்குகிறோமா, வாசிப்பின் பகுதி என்று ஏற்கிறோமா? சபையில் எழுத்தறிந்தோர் பெருகியுள்ள இந்நாளிலும் இவ்வினா பழமையடைந்துவிடவில்லை.

பெட்டி ஹிக்டன் ஆற்றோரத்து ஆலையருகே இறக்கிறாள். ஏழைப் பங்குக்குருவான ஃபிராங்க் மில்வி அவளுடைய கல்லறையருகே அடக்க ஆராதனையை வாசிக்கிறார். அவர் நல்லவர், உழைப்பாளி, அவளை அறிந்தவர். நூலிலுள்ள சொற்களில் எதையும் அவர் மாற்றவில்லை. ஆயினும் இச்சகோதரியை இவ்வுலகத் துன்பத்தினின்று விடுவித்ததற்காக நன்றிசெலுத்தும் பகுதிக்கு வந்தபோது அவர் குரல் கலங்குகிறது. நமக்கும் அவளுக்கும் இடையிலான கணக்கு நேராகவில்லை என்னும் ஐயம் அவர் நெஞ்சை உறுத்துகிறது. செய்தித்தாளைக் கேட்டு அக்கிழவி எழுப்பிய கேள்வி, அவள் வாயடைத்தபின் அவர் வாசிப்பினுள்ளே நுழைந்துவிட்டது. தாம் வாசிப்பதைத் தாமே கேட்கும் குருவானவரை டிக்கன்ஸ் அங்கே நமக்குக் காட்டியிருக்கிறார். அக்கலக்கம் நம் வாசிப்புகளில் என்றேனும் நேர்ந்ததுண்டா என்பதை நாம் ஒவ்வொருவரும் ஆராய்ந்து பார்ப்போமாக.